மேடையில மட்டும் வளையற நெக்கு

கிட்டார கீழ வெக்காத தம்பி, கீழ வெக்காத. தரை ஈரம். தறி இருக்கற ரூமு எப்பவும் இப்டித்தான் சிலுசிலுன்னு கெடக்கும். காஞ்சு போச்சுன்னா பட்டு நூலு படக்கு படக்குன்னு அறுந்துக்கினே இருக்கும், அதுக்குன்னே தண்ணி தெளிச்சு வெக்கறது. தோ, அந்த பெஞ்சு மேல சாய்ச்சு வை. ஆங், அப்டித்தான். இப்ப ஒரு கண்ண மூடிக்கினு நெக்க நீட்டுக்குப் பாரு. வளைஞ்சிருக்குதா? வளைஞ்சுதான் இருக்குது, நான் எங்க இல்லேன்னேன்? விக்கறதுக்குன்னு போன்ல போட்டிருந்தது பழைய போட்டோப்பா. போட்டோல எல்லாமே நேராத்தான் தெரியும், பொண்ணு பாக்கப் போறவனக் கேட்டுப் பாரு.

மொகத்த அப்டி வெச்சுக்காத. பஸ்சு ஏறி வந்தது தண்டம்னு நெனைக்காத. இதுக்கு வைத்தியம் இருக்குது. நெக்குக்குள்ள நீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி ஓடுது, ட்ரஸ் ராடும்பாங்க. தலைப்பக்கம் தோ இந்தச் சின்ன மூடியக் கழட்டுனா நட்டு தெரியும். இறுக்குனா நெக்கு பின்னால போவும். தளத்துனா முன்னால வரும். அவ்ளோதான் சமாச்சாரம். இன்னாத்துக்கு சிரிக்கற? தறி போடறவன் வாயில ட்ரஸ் ராடெல்லாம் வருதேன்னா? சிரி சிரி. காலேஜு படிக்கற புள்ள, ஏனாத்தூருலேர்ந்து வந்துக்கினு சிரிக்காமப் போனா எப்டி.

பேரு இன்னா சொன்ன? அர்ஹந்தா? நயினாரு வூட்டுப் புள்ளையா நீ, ஜைனரா? அதான பாத்தேன், உள்ள வந்ததுலேர்ந்து தறிகிட்ட வராம ஒதுங்கி ஒதுங்கி நிக்கற. ஒரு பொடவைக்கு எத்தினி ஆயிரம் புழுன்னு மனசுக்குள்ள ஓடிக்கினு இருக்குதா? ஓடட்டும். கூட்டுக்குள்ள அது பாட்டுக்குத் தூங்கும்போதே கொதிக்கற தண்ணில போட்டுடணும்பா. ரெக்க மொளைச்சு வெளிய வந்துச்சுன்னா கூட்டுல ஓட்ட வுழுந்துடும், அப்றம் நூலு எதுக்கு ஆவும்? உங்க வூட்டுப் பொம்பளைங்களும் கல்யாணத்துக்கு இதத்தான கட்டறாங்க? சரி வுடு, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கோச்சுக்காத.

இந்த பேஸு கிட்டாரு என்னுது இல்ல, என் புள்ள வசந்த்தோடது. போன்ல உன்கிட்ட பேசுனானே, அவன்தான். ஒரே புள்ள. இருவத்தஞ்சு வயசாவுது. நீ வர்ற நேரம் பாத்து சாயப்பட்டறைக்கு நூலு எடுக்கப் போறேன்னு கெளம்பிட்டான். நூலு நாளைக்குத்தான் ரெடியாவும், அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வித்துட்டுப் போற பொருள கண்ணால பாக்க முடியலயாம். நீயே காட்டிக் குடுத்து அனுப்பிடுப்பான்னுட்டான். நாலு மணிக்கு வந்துடுவான். அதுக்குள்ள நீ எடுத்துக்கினு கெளம்பிடணும், ஆமா.

எனக்கு எப்டித் தெரியும்னு கேட்டியே, அவன்தான்பா கத்துக் குடுத்தான். வாங்கியாந்த புதுசுல ஒரே கொண்டாட்டம். பக்கத்துல உக்கார வெச்சு, அப்பா இத பாருப்பா, இந்த நாலு ஸ்ட்ரிங்கும் நம்ம தறில நீட்டுக்கு ஓடற பாவு நூலு மாதிரிப்பா, நாலும் சேந்து நெக்க முன்னால இழுக்குது, உள்ள இருக்கற கம்பி பின்னால இழுக்குது, ரெண்டு இழுப்பும் சரியா இருந்தாத்தான் நெக்கு நேரா நிக்கும்னான். முப்பத்தெட்டு வருஷமா பாவுக்கு இழுப்பு வெக்கற எனக்கு இது புரியாதா? ஒரு வாட்டிக்குக் கால் சுத்துக்கு மேல போவாதப்பா, கால் சுத்து சுத்திட்டு மரத்துக்கு டைம் குடுக்கணும், அது உடனே திரும்பாது, மெதுவா மணிக்கணக்கா திரும்பும்னான். நட்டு திருப்பற சாவிய என் கைல குடுத்து, நீ சுத்து, உன் கைதான் பதம் தெரிஞ்ச கைன்னான். சுத்துனேன். அப்பா கைய பாத்தியாம்மான்னு அவங்கம்மாவக் கூப்ட்டு கூப்ட்டு காட்டுனான். அவ்ளோ சந்தோஷம் அவனுக்கு.

எனக்கும்தான் சந்தோஷம், இல்லேன்னா சொல்றேன்? ஆனா இத பாரு. இது கோர்வைத் தறி. உடல் ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் தனித்தனியா ஓட்டி பல்லு பல்லா கோத்துக்கினு வரணும். ஒருத்தனால ஆவாது. நடுவுல நான் உக்காந்து, குறுக்கு நூலு இருக்கற நாடாக்கட்டைய உடலுக்குப் போடுவேன். வலப்பக்கம் இன்னொருத்தன் உக்காந்து கரைக்கு நாடா போட்டுக் குடுக்கணும். என் மூச்சுக்கு அவன் மூச்சு சேரணும். வசந்த்து கை அப்டி சேரும். ஆளு வெச்சுக்கலாமேன்னா? வெச்சுப் பாத்தேன். ஒருத்தன் போன் பாத்துக்கினே போடுவான், இன்னொருத்தன் வாயில பாக்கு இல்லாம உக்கார மாட்டான். பெத்த புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கண்டவன் மூஞ்சிய நான் இன்னாத்துக்குப் பாக்கணும்?

அவன் முருகேசன் ஆர்க்கெஸ்ட்ராவுல போயி சேந்துட்டான். கல்யாணக் கச்சேரி, கோயில் கச்சேரி, வாரத்துல மூணு நாளு. மூணு மணிக்கு வேனு வந்து தெருமொனைல ஆரன் அடிக்கும். கரை பாதில நிக்கும், நாடாவ அப்டியே போட்டுட்டு எழுந்துக்குவான். நான் இங்க ஒத்தையா குந்திக்கினு செவுத்தப் பாத்துக்கினு இருப்பேன். ரெண்டு வருஷம்பா. இதுல மலேசியாக்காரன் ஒருத்தன் வந்தான். ஆர்க்கெஸ்ட்ராவ மொத்தமா கூப்ட்டுக்கினு போயி ஆறு மாசம் அங்கயே ஊரு ஊரா கச்சேரி. அங்கேர்ந்து சிங்கப்பூரு. மூணு கச்சேரி வந்து பாப்பேன், அப்றம்தான் யாரு யாருன்னு முடிவு பண்ணுவேன்னானாம். வசந்த்து ராத்திரி பகல் தூங்கல. பாஸ்போர்ட்டு எடுத்தான். தலைமாட்டுல வெச்சுக்கினு படுத்தான்.

உனக்கு ஒண்ணு சொல்றேன், நெஜத்த சொல்றதுக்கு எனக்கு இன்னா பயம்? மலேசியா போறது கூட பெருசில்ல. ஒரு நாளு ஐயம்பேட்டைல கச்சேரி. நான் சும்மா பஸ்சு ஏறிப் போயி பின்னால நின்னுக்கினு இருந்தேன். இவன் தனியா ஒரு பிட்டு வாசிச்சான், சனம் விசில் அடிக்குது. பக்கத்துல ஒருத்தன் என்னைப் பாத்துட்டு, நீங்க பேஸு வாசிக்கற வசந்த்தோட அப்பாதானங்க, இன்னா வேலைல இருக்கீங்கன்னான். இன்னா வேலைல இருக்கீங்களாம்! என்னைப் பாத்து! இந்தக் கண்ணாயிரம் கோர்வைன்னா கடைக்காரனுங்க வாசல்ல வந்து நின்ன காலம் ஒண்ணு இருந்துச்சு. எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. பெத்தவனுக்கு எரியலாமான்னு நீ கேப்ப. எரிஞ்சுதுப்பா, அவ்ளோதான்.

அப்றம் அந்த மூணு கச்சேரியும் நடந்துச்சு. மொத கச்சேரி. போய் எறங்குனதும் வாசிச்சுப் பாத்தானாம், நல்லா இருந்துச்சாம். எட்டு மணிக்கு நாலாவது பாட்டுல ஸ்ட்ரிங்கு நெக்குல குறுக்க இருக்கற ஃப்ரெட்டுக் கம்பில இடிச்சு ஜிர்ரு ஜிர்ருன்னு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. தலைப்பக்கம் கை வெச்சாலே ஜிர்ரு. கம்பி அறுந்த ரேடியோவாட்டம். வந்து அப்டியே பைய இங்க போட்டுட்டுப் படுத்துட்டான். காலைல எழுந்து கண்ண வெச்சுப் பாக்கறான், நெக்கு நேரா இருக்குது. வாசிக்கறான், கணீர்னு இருக்குது. அவனுக்கு ஒண்ணும் புரியல.

தறி ரூமு ஈரம்தான் காரணமோன்னு மெட்ராசுக்குத் தூக்கிக்கினு ஓடுனான். அங்க ரிப்பேரு பண்றவன் ரெண்டு நாளு வெச்சிருந்து பாத்துட்டு, நெக்குல ஒரு கோளாறும் இல்லப்பா, நீ இன்னா வேலை செய்யறன்னு கேட்டிருக்கான். தறின்னிருக்கான் இவன். அதான், நாடா தள்ற கை, அழுத்தம் ஜாஸ்தி, கோளாறு உன் கைலதான்னு சொல்லி அனுப்பிட்டான். ரெண்டாவது கச்சேரி, திரும்பவும் அதே கூத்து. எட்டு மணியானா ஜிர்ரு. முருகேசன்கிட்ட சொல்லியிருக்கான், அண்ணே, வூட்ல நேரா இருக்குதுண்ணே, மேடை ஏறுனாத்தான் வளையுதுண்ணேன்னு. அவ்ளோதான், வேன்ல இருந்த அத்தினி பேரும் வுழுந்து வுழுந்து சிரிச்சிருக்கானுங்க. மேடைல மட்டும் வளையற நெக்கு! பேரே வெச்சுட்டானுங்க. டீக்கடைல என்கிட்டயே கேட்டானுங்க, இன்னா கண்ணாயிரம், உன் புள்ள நெக்குக்கு வெக்கமாமேன்னு.

ராத்திரியெல்லாம் கைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கினு இருப்பான் பாவம். வெந்நீர்ல முக்கி எடுப்பான். எண்ணெ தடவுவான். ஒரு நாளு வந்து கேட்டான், அப்பா, என் கை நெஜமாவே கனமா இருக்குதாப்பான்னு. புடிச்சுப் பாத்தேன். பின்ன, தறிக்காரன் கை பூவாட்டமா இருக்கும்னேன்.

மூணாவது திருப்புட்குழி திருவிழா. மலேசியாக்காரன் மொத வரிசைல சேரு போட்டு உக்காந்திருக்கான். நானும் போனேன். வேர்க்கடலை வாங்கிக்கினு நடுவால நல்ல எடமா பாத்து உக்காந்தேன். வசந்த்து வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்து நின்னான், ராஜாவாட்டம். மொத மூணு பாட்டு தூள் கெளப்பிட்டான். நாலாவது பாட்டு, ஆரம்பிச்சிடுச்சு. குனிஞ்சு நெக்கப் பாக்கறான். ஸ்ட்ரிங்க இன்னும் அழுத்தறான், அழுத்த அழுத்த இன்னும் கேவலமா அடிக்குது. முருகேசன் பாட்ட நிறுத்திட்டு மைக்கப் புடிச்சான். எல்லாரும் பேஸு வாசிப்பாங்க, நம்ம தம்பி காஞ்சிபுரத்துக்காரரு, பேஸுல தறி ஓட்டறாரு, ஒரு கைதட்டல் குடுங்கன்னான். சனம் கைதட்டுது, சிரிக்குது, ஒருத்தன் தடக்கு தடக்குன்னு கத்தறான். நானும்தான் சிரிச்சேன். சுத்தி எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் உம்முன்னு இருந்தா ஒரு மாதிரி இருக்காதா? அப்பால இவன் வயர உருவிட்டான் முருகேசன். பேஸ கீபோர்டுலயே வாசிச்சுட்டானுங்க. வசந்த்து கீழ எறங்காம, மேடைலயே, சத்தம் வராத கிட்டார மாட்டிக்கினு கடைசிப் பாட்டு வரைக்கும் நின்னான்.

அன்னிக்கு மூடுன பை. இன்னிக்கு நீதான் தொறக்கற.

இன்னா, இன்னா மொணமொணன்னுக்கினு இருக்கற? சத்தமா சொல்லு. ஈரத்துல முன்னாலதான் வளையும், இது பின்னால வளைஞ்சிருக்குதா? நடுவுல முதுகு தூக்கிக்கினு இருக்குதா? ஓகோ. அப்டீன்னா யாரோ ராட இறுக்கியிருக்காங்கன்னு சொல்ற. நட்டு வேற மழமழன்னு தேஞ்சிருக்குதா? எத்தினியோ வாட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புன மாதிரி இருக்குதா? அட, உஷாரான ஆளுதான்பா நீ. மெட்ராசுல கடை வெச்சிருக்கறவன் பாக்கல, மேடைல இருந்த பத்து பேரு பாக்கல, என் புள்ள பாக்கல. காலேஜுப் பையன் நீ பாத்துட்ட.

சாவியா? பைல தேடாத. அங்க இருக்காது. தோ இரு, இடுப்புல இருக்குது.

தள்ளிக்கோ, நானே பண்றேன். உனக்கு வேகம் ஜாஸ்தி, முறுக்கி ஒடைச்சு வெச்சிடுவ. மூடியக் கழட்டிட்டியா? தபாரு, சாவி நட்டுக்குள்ள உக்காந்ததும் ஒரு சின்ன அசைவு வரும், அத வுட்டுட்டு அப்பறம்தான் சுத்து ஆரம்பம். இடப்பக்கம் கால் சுத்து. கேட்டியா, உள்ள கிர்ருன்னு ஒரு சத்தம்? அது ஒடையற சத்தம் இல்ல, மரம் மூச்சு வுடற சத்தம். இப்ப செத்த நேரம் சும்மா இரு. இன்னொரு கால் சுத்து, அதுக்கு மேல கொஞ்சம். போதும். வூட்டுக்குப் போயி நாளைக்குப் பாரு, நூலு புடிச்சாப்ல நிக்கும். எதுக்கு என் கையவே பாக்கற? கண்ண மூடிக்கினு சுத்தறேன்னா? இருட்டுல செஞ்சு பழக்கம்பா.

ஆமா. நான்தான்.

வேனு மூணு மணிக்கு வரும். ரெண்டரைக்கு அவன் குளிக்கப் போவான். கொழாயடில தண்ணி ஊத்திக்கற சத்தம் நிக்கறதுக்குள்ள பைய தொறந்து, மூடிய கழட்டி, வலப்பக்கம் அரை சுத்து. திரும்ப மூடி வெச்சா ஒருத்தனுக்கும் தெரியாது. அங்க போய் எறங்கும்போது நல்லா இருக்கும். மரம் மெதுவாத்தான திரும்பும், எட்டு மணிக்குச் சரியா வேலையக் காட்டும். விடியக்காலைல கோழி கூவறதுக்கு முன்னால எழுந்து அந்த அரை சுத்தத் தளத்தி வெச்சிடுவேன். அவன் எழுந்து பாக்கும்போது நேரா இருக்கும். திருப்புட்குழிக்கு மட்டும் அரைக்கு மேல இன்னும் கொஞ்சம் வெச்சேன், மலேசியாக்காரன் வர்றானேன்னு. அதுக்கப்பறம் அவன் பைய தொறக்கவே இல்ல, நானும் தளத்தல. சோம்பேறித்தனம்தான். அதான் உன் கண்ணுல மாட்டிக்கிச்சு.

இன்னாப்பா, எழுந்துட்ட? உக்காரு. பேய பாத்தவனாட்டம் பாக்காத. யாருகிட்டயும் இதச் சொன்னதில்ல. என் பொண்டாட்டி பொன்னியம்மாவுக்குத் தெரியும், நான் சொல்லல, அவளே ஒரு நாளு விடியக்காலைல பாத்துட்டா. கோலமாவு டப்பாவோட அப்டியே நின்னா. அப்பறம் வாசலுக்குப் போயிட்டா. அன்னிலேர்ந்து தட்டுல சோத்தப் போட்டு வெச்சிட்டுப் போவா, வாயத் தொறக்கறதில்ல. புள்ளகிட்டயும் சொல்லல. சொன்னா அவன் செத்துடுவான்னு பயம் அவளுக்கு. உன்கிட்ட ஏன் சொல்றேன்னா, நீ நட்டப் பாத்து சொன்ன பாரு, எனக்குக் குளுந்து போச்சு. கைவேலை செய்யறவன்பா நான். இத்தினி நுணுக்கமா ஒரு வேலைய செஞ்சுட்டு, ஒரு மனுசன் கூட பாக்கலேன்னா எப்டி இருக்கும்?

போயி வசந்த்துகிட்ட சொல்லுவேன்றியா? தாராளமா சொல்லு. நம்பர்தான் இருக்குதே உன்கிட்ட. கூப்ட்டு, உங்கப்பாதான் ஒவ்வொரு கச்சேரிக்கும் நெக்க வளைச்சாரு, காலைல நிமுத்தி வெச்சாருன்னு சொல்லு. மேடைல மட்டும் வளையுதுன்னு அவன் சொன்னதுக்கே ஊரு சிரிச்சுது. இதுக்கு அவனே சிரிப்பான். நம்பட்டுமே, நம்புனாத்தான் இன்னா? ஆர்க்கெஸ்ட்ரா வேற ஆள வெச்சுக்கினு மலேசியா போயி மாசம் மூணாவுது. அவனுக்கு இன்னா மிச்சம் இருக்கும் சொல்லு? கையும் போச்சு, அப்பனும் போச்சு. இப்ப அப்பனாவது இருக்கான். நீயே யோசிச்சு எது நல்லதோ அத பண்ணு, படிச்ச புள்ள.

பைல போடு, ஜிப்ப மெதுவா இழு, மாட்டிக்கும். சாவியும் வெச்சுக்க, எனக்கு இனிமே இன்னாத்துக்கு. அழறியா இன்னா? நல்ல ஆளுப்பா நீ, யாரு வூட்டுப் புள்ளைக்கோ அழற. அவன் நல்லாத்தான் இருக்கான். திருப்புட்குழிலேர்ந்து வந்த மக்யா நாளு காலைலயே சரியாயிட்டான். நான் தறிக்குழிக்குள்ள கால வுட்டுக்கினு உக்காந்திருந்தேன், வந்து எதிர்ல நின்னான். அப்பா, நீதான் சரி, என் கைக்கு அது வராதுப்பா, வராத ஒண்ணுக்காவ உன்ன ரெண்டு வருஷமா ஒத்தையா தவிக்க வுட்டுட்டேன், என்னை மன்னிச்சுடுப்பான்னான். கால்ல வுழணும் அவனுக்கு. என் காலுதான் குழிக்குள்ள இருக்குதே. அந்த ஈரத்தரைல குப்புறப் படுத்து, குழிக்குள்ள கைய வுட்டுத் தொழாவி, என் ரெண்டு காலையும் புடிச்சுக்கினு அழுதான். எத்தினி நேரம்தான் அழ வுடறது, பெத்த மனசு கேக்குதா? சரி எழுந்திரிடா, மன்னிச்சுட்டேன்னு சொல்லி, பக்கத்துல உக்கார வெச்சு நாடாவக் கைல குடுத்தேன்.